முனியராஜின் பார்வை

விருதுநகரில் வெளிநாட்டுப் படிப்புக்கான ஆங்கிலப் பரீட்சைக்குப் பயிற்சி கொடுக்கும் பாண்டிலட்சுமிக்கு முனியராஜ் ஒரு புதிர். எதிரே உட்காரவைத்துப் பேசினால் ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டுவான். கம்ப்யூட்டரில் ஓடும் பேச்சைக் கேட்டு விடை எழுதச் சொன்னால் முட்டைதான். அதில் தேறாவிட்டால் அயர்லாந்தில் கிடைத்த சீட்டு போய்விடும்.

"மிஸ், அவன் ஒங்க மூஞ்சியவே பாக்கான். பெறகு எங்கிட்டுப் படிக்க?" என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

உண்மைதான். வைத்த கண் வாங்காமல் பார்த்தான். எரிச்சலில் அவனைக் கடைசி வரிசைக்கு மாற்றினாள். அங்கே போனதும் சாதாரணக் கேள்விக்கும் முழித்தான்.

வகுப்பு முடிந்ததும் அவனை நிறுத்தினாள். "என் மூஞ்சியில அப்படி என்னதான் இருக்கு?"

"ஒதடு, மிஸ்."

அவள் முகம் சிவந்தது.

"அதப் பாத்துத்தான் நீங்க பேசுறது வெளங்குது. பட்டாசுக் கம்பெனியில, சத்தம் சரியா வருதான்னு வெடிச்சுப் பாக்குற வேலை பாத்தேன். காது போயிருச்சு. சொன்னா சேக்க மாட்டீகன்னு சொல்லல."

பாண்டிலட்சுமி அவன் பார்க்கும்படி நிமிர்ந்து, நிதானமாகச் சொன்னாள். "காது கேக்காதவங்க பரீட்சை நடத்துறவங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டா, ரெக்கார்டுக்குப் பதிலா ஒரு ஆளு நேர்ல உக்காந்து வாசிப்பாரு. நாம கேப்போம்."

முனியராஜ் யோசித்தான்.

"வாசிக்கிறவுக மீசை வச்சிருப்பாகளா, மிஸ்?"