நடுப்பானைச் சுருட்டு

மொக்கையன் சூடத்தின் மேல் சுருட்டைக் காட்டினார். பற்றியது.

கருப்பன் கோயில் வாசலில் கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

அது அண்ணன் உக்கிரபாண்டியின் சுருட்டு. தம்பி காசிமாயனின் சுருட்டு இன்னும் தாம்பாளத்தில் இருந்தது. சாமியாடி மொக்கையன் இரண்டையும் கருப்பனுக்காகக் குடிப்பார். எவன் சுருட்டு பாதியில் அணைகிறதோ அவன் பொய்யன். மற்றவனுக்குக் கிணற்றுத் தோட்டம்.

கோர்ட்டுக்குப் போவதாகத்தான் முதலில் இருந்தார்கள். வக்கீல் ஒருவரைப் பார்த்த பிறகு, தோட்டத்தை விற்றால்தான் தோட்டத்துக்காக வழக்காட முடியும் என்று தெரிந்தது. கருப்பன் ஒரு சுருட்டோடு விட்டுவிடுவார்.

அவனியாபுரத்துக் கண்மாய் வற்றினாலும் வற்றாத கிணறு அது. சாகும்போது அப்பன் அதை எனக்குத்தான் கொடுத்தார் என்பது அண்ணன் கட்சி. எனக்குத்தான் என்பது தம்பி கட்சி.

அப்பன் உயிர் போனபோது அண்ணன் மாட்டுச் சந்தையில் இருந்தான். தம்பி கொழுந்தியாள் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் இருந்தவள் தங்கை முத்துத்தாய். நாலு வருஷம் கஞ்சி ஊற்றியவள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. தோட்டத்தைப் பற்றிப் பெண்பிள்ளையிடம் கேட்பது, குழம்பின் ருசியைப் பானையிடம் கேட்பது மாதிரி.

சுருட்டுச் சோதனை என்று முடிவான பஞ்சாயத்தில் ஒருவர் மட்டும், "ரெண்டுமே அணைஞ்சு போச்சுன்னா?" என்று கேட்டார்.

"அப்ப முத்துத்தாயே வச்சுக்கிறட்டும்" என்றார் அம்பலக்காரர். கருப்பன் மேல் ஆணை என்று வேறு சேர்த்துக்கொண்டார். சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கைகள் கலைந்தன. முத்துத்தாயும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள்.

அன்று சாயங்காலமே உக்கிரபாண்டி தெற்குவாசலில், சிஹாபுதீன் ராவுத்தரின் சுருட்டுக் கடையில் நின்றான்.

ராவுத்தர் மூன்று பானை வைத்திருந்தார். மூன்றின் அடியிலும் வைகை மணல்.

முதல் பானையில் மணல் காய்ந்திருக்கும். அதிலுள்ள சுருட்டைக் காதருகே உருட்டினால் சருகுச் சத்தம் கேட்கும். பற்ற வைத்தால் வெடித்துப் பிளக்கும்.

மூன்றாம் பானையில் மணல் சொதசொதவென்று இருக்கும். அந்தச் சுருட்டு மூன்று இழுப்பு தாங்காது. எடைபோட்டு வாங்கும் வெளியூர் வியாபாரிகளுக்கென்று ராவுத்தர் அதைப் பிரியமாக வளர்த்துவந்தார்.

நடுப்பானைச் சுருட்டு அமுக்கினால் அமுங்கும், விட்டால் எழும்பும். கடைசிவரை நின்று எரியும்.

சுவரில், சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர் விட்டுப்போன கருவி தொங்கியது. காற்றின் ஈரத்தைக் காட்டும் முள் அதில் உண்டு. அது எழுபதில் நின்று ஆறு வருஷமாகிறது. அடைமழையானாலும் அக்கினி நட்சத்திரமானாலும் எழுபதுதான். விலை சொல்வதற்கு முன்னால் மட்டும் ராவுத்தர் அதை உற்றுப் பார்ப்பார்.

"சுருட்டும் மருமகனும் ஒண்ணு மாப்ள" என்றார். "ரொம்பக் காயப்போட்டா வெடிச்சிரும். ரொம்ப நனைச்சுட்டா பத்திக்கிறாது."

உக்கிரபாண்டி பத்துச் சுருட்டை அமுக்கிப் பார்த்து, நடுப்பானையிலிருந்து ஒன்றைப் பொறுக்கினான். பிறகு குரலைத் தாழ்த்தி, தம்பி வந்தால் மூன்றாம் பானையிலிருந்து கொடுக்கச் சொன்னான். அதற்குக் கொஞ்சம் கூலியும் அவர் கையில் அழுத்தினான்.

ராவுத்தர் முள்ளைப் பார்த்தார். தலையாட்டினார்.

மறுநாள் காசிமாயன் வந்து, அண்ணன் வாங்கிப்போனது தெரியாமல், அண்ணனுக்கு மூன்றாம் பானை என்று அதே யோசனையைச் சொல்லிக் கூலியும் கொடுத்தான். அதே முள். அதே தலையாட்டல்.

அவனுக்கும் நடுப்பானைதான் கிடைத்தது. வியாபாரத்தில் நடுநிலை என்பது வேறொன்றுமில்லை. இரண்டு பேரிடமும் வாங்கிக்கொண்டு, இரண்டு பேருக்கும் நல்ல சரக்கைக் கொடுப்பது.

சாமியாடும் வெள்ளிக்கிழமை வரை சுருட்டுகளை எங்கே வைப்பது என்பதில் ஒரு சண்டை. அண்ணன் வீட்டில் வைக்கத் தம்பி பெண்டாட்டி சம்மதிக்கவில்லை. தம்பி வீட்டு வாசலை மிதிக்கவே அண்ணன் பெண்டாட்டி தயாராக இல்லை. கடைசியில் இரண்டையும் ஒரே தாம்பாளத்தில் வைத்து, துணியால் மூடி, முத்துத்தாய் வீட்டில் வைத்தார்கள்.

அவளுக்குத்தான் இதில் ஒன்றும் இல்லையே.

மொக்கையன் ஓர் இழுப்பு இழுத்தார். இன்னொன்று இழுத்தார். மூன்றாவதில் கன்னம் இரண்டும் ஒட்டிப்போயின.

சுருட்டு 'சுர்' என்றது. அணைந்தது.

காசிமாயனின் பல் முதல்முறையாக வெளியே தெரிந்தது. தெரிந்த பல் உள்ளே போவதற்குள் அவன் சுருட்டும் பற்றி, இரண்டே இழுப்பில் அணைந்தது.

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல வருஷத்துக்குப் பிறகு இருவருக்கும் ஒரே எண்ணம் வந்தது: ராவுத்தர் பானையை மாற்றி ஏமாற்றிவிட்டார்.

ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால், ராவுத்தருக்கு எதற்குக் கூலி கொடுத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மொக்கையன் வாயிலிருந்த தூளைத் துப்பினார். "ரெண்டு பயலும் பொய்யிடா" என்றார், கருப்பன் குரலில்.

எல்லோரும் அம்பலக்காரரைப் பார்த்தார்கள். ஆணையிட்ட வாய் அவருடையதுதான். எதிரே அரிவாளோடு கருப்பன்.

"முத்துத்தாயே வச்சுக்கிறட்டும்" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

முத்துத்தாய் கருப்பனைக் கும்பிட்டுவிட்டுத் தாம்பாளத்தை எடுத்தாள். ஆடி மாதத்துப் புழுதிக்காக அதை மூடிக் கொண்டுவந்த துணியையும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போனாள்.

அங்கே நின்று துணியைப் பிழிந்தாள்.

ஒரு கை அளவு தண்ணீர் இருக்கும். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர்.