நகர்ந்த நாற்காலி

மகன் டிக்சனுக்குப் பெண் பார்க்கத் தூத்துக்குடி வந்திருந்த அற்புதமணி, ஜெனிலா நீட்டிய காபியை ஆசையாகத்தான் வாங்கினாள்.

"நீ என்ன வேலைம்மா பாக்க?"

"மிருகம், பறவைகிட்ட இருந்து மனுசருக்குத் தொத்துற வைரஸைப் பத்தி ஆராய்ச்சி, அத்தை."

அற்புதமணி காபியைக் குடிக்காமலே கீழே வைத்தாள். நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எம் மவனுக்கு எதுவும் ஒட்டிக்கிடாதா? பொத்திப் பொத்தி வளத்த பிள்ள!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை லொக் லொக்கென்று இருமினான்.

"கார் ஏசி அவனுக்கு ஒத்துக்கல. இங்க பாரு, வேலைய விட்டாத்தான் சம்பந்தம். எங்களப் பத்தி விசாரிச்சிருப்பியள்லா? சாத்தான்குளத்துல எங்க கோழிப்பண்ணைக்கு எம்புட்டுப் பேரு!"

"நல்லாவே விசாரிச்சாச்சு அத்தை. உங்க பண்ணையில கூட்டமா செத்த கோழிகள எங்க லேபுக்குத்தான் அனுப்பியிருந்தாவ. இப்பக் காபி போடும்போதுதான் ரிசல்ட் வந்துச்சு. பறவைக் காய்ச்சல். செத்த கோழிகள அள்ளிப் போட்டது யாரு?"

"நான்தான், வெறுங்கையால!" என்று பெருமையாகச் சொன்ன டிக்சன், மறுபடியும் இருமினான்.

அற்புதமணி மறுபடியும் நாற்காலியை நகர்த்தினாள். இந்த முறை ஜெனிலாவின் பக்கமாக.