கையெழுத்தில்லாத அஞ்சாவது கேஸ்

"இது கட்டுக்கதை. சிபாரிசுக் கடிதமெல்லாம் கிடையாது. நீ போகலாம்."

பேராசிரியர் சிவசுப்பிரமணியன் ரெக்கார்டு நோட்டை மேஜையில் வீசினார். எதிரே நின்ற அனிதா அதை எடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

பெரம்பலூர் காலேஜ் ஒன்றில் சைக்காலஜி கடைசி வருஷம் படிக்கிற பிள்ளை. சென்னையில் ஒரு பெரிய மனநல ஆஸ்பத்திரியில் ஆறு மாசப் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம் வந்திருந்தது. சார் கடிதம் கொடுத்தால் இடம் அவளுக்குத்தான். நாளைக் காலையில் தபாலில் சேர்த்தாக வேண்டும். அரும்பாவூரில் அவள் அப்பா அய்யம்பெருமாள், "எம்பொண்ணு மெட்ராசு போவுது" என்று இப்போதே தெருத்தெருவாகச் சொல்லி முடித்துவிட்டார்.

கடிதத்துக்கு ஒரு விதி உண்டு. சனிக்கிழமைதோறும் அரியலூரில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசி, அஞ்சு கேஸ் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே வந்தவருடைய கையெழுத்து, இல்லாவிட்டால் கைநாட்டு. போன வருஷம் நாலு பயல்கள் ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டே ஆளுக்கு அஞ்சு நோயாளிகளைப் பெற்றெடுத்துவிட்டான்கள். அன்றிலிருந்து சார் இதில் படு கறார்.

அனிதாவின் நோட்டில் நாலு கேஸ் சுத்தம். அஞ்சாவதில் பேரும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

"யாரு இந்தம்மா?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் சார்."

"வாக்கு!" சார் நோட்டைப் பிரித்து உரக்கப் படித்தார். "'வயது நாற்பத்தாறு. எட்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. அடுப்படியில் நின்று அழுகிறார். மகன் வேலைக்கு வெளியூர் போனபின் வீட்டில் பேச ஆளில்லை. கணவர் வருகிறார், பேப்பர் படிக்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார்.' ஏம்மா, ஒரே வூட்டுல இருக்கிற புருஷனுக்கு, பொண்டாட்டி எட்டு மாசமாத் தூங்கலைன்னு தெரியாதா? கதை விட்டாலும் நம்புற மாதிரி விட வேணாமா?"

"அவருக்குத் தெரியலை சார்."

"அப்படி ஒரு மடையன் இருந்தா கூட்டிட்டு வா. பாத்துட்டுக் கடிதம் தரேன்."

அனிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கடிதம் கிடைக்கலைன்னாலும் பரவால்ல சார். பேரைச் சொல்ல மாட்டேன்."

நோட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

என்ன திமிர் என்று சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் ஊராகப் போய் 'மனசு விட்டுப் பேசுங்க' என்று மேடையில் முழங்குகிற மனுஷர். ஆள் முகத்தைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று ஜில்லாவில் பேர். அவரிடமேவா? நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

சாயங்காலக் காபியைக் கொண்டுவந்து வைத்தாள் மனைவி ரத்தினம்மாள்.

"ஏங்க, அந்த அரும்பாவூர்ப் பிள்ளைக்குக் கடுதாசி குடுத்துட்டீங்களா?"

சாருக்குப் புரையேறியது. "அந்தப் பிள்ளைய உனக்கு எப்படித் தெரியும்?"

"சனிக்கிழமை சனிக்கிழமை பாக்குறேனே."

"நீ சனிக்கிழமை அரியலூர்ல தங்கச்சி வூட்டுக்குல்ல போற?"

"உங்ககிட்ட அப்படிச் சொல்லிட்டுப் போறேன்."

சார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரத்தினம்... எட்டு மாசமாத் தூங்காதது நீயா?"

"முதநாளே வூட்டுக்காரரு பேரு என்னன்னு கேட்டுச்சு. சொன்னேன். பிள்ளை பதறிப்போயி பேனாவ மூடி வச்சிடுச்சு. 'அவரு எங்க சாரும்மா, நீங்க வேற யார்கிட்டயாச்சும் பேசுறீங்களா'ன்னுச்சு. 'நீயே கேளு சாமி, வெளிய மட்டும் சொல்லிடாத'ன்னேன்."

"இப்ப... இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப நல்லாத் தூங்குறேங்க. ஒன்றரை மாசமாச்சு. அதுவும் உங்களுக்குத் தெரியலை."

அப்பாடா என்றிருந்தது சாருக்கு. வெட்கத்தில் காது மடல் சுட்டது, கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனாலும் அப்பாடா! எவ்வளவு பெரிய ஆபத்து அவர் வீட்டுக்குள்ளேயே வந்து, நல்லபடியாகத் திரும்பிப் போயிருக்கிறது!

"கையெழுத்து இல்லைன்னு அதைத் திட்டி அனுப்பிட்டேன் ரத்தினம்."

"அய்யய்யோ! கையெழுத்து வேணும்னு எனக்குத் தெரியாதே! அது ஒரு வார்த்தை சொல்லலையே! கொண்டாங்க அந்த நோட்ட."

அஞ்சாவது கேஸுக்குக் கீழே ரத்தினம்மாள் கையெழுத்துப் போட்டாள். சார் அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினார். 'நான் இதுவரை யாருக்கும் இவ்வளவு மனநிறைவோடு சிபாரிசு எழுதியதில்லை' என்று முடித்தார். பிறகு ஹாஸ்டலுக்குப் போன் போட்டார்.

"அனிதா, காலையில முதல் வேலையா வந்து கடிதத்த வாங்கிக்கம்மா."

"சார்... அந்த அஞ்சாவது கேஸு?"

"அந்த மடையனப் பாத்துட்டேம்மா."

மறுமுனையில் அந்தப் பிள்ளை அழுவதா சிரிப்பதா தெரியாமல் திணறியது கேட்டது.

போனை வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "ஒண்ணுதான் புரியலை. நோட்டத் திருத்துறது நான்னு தெரியும். தெரிஞ்சும் எதுக்கு அதை எழுதுச்சு?"

"அது மாட்டவே மாட்டேன்னுதாங்க சொல்லுச்சு. நான்தான் வற்புறுத்தி எழுத வச்சேன்," என்றாள் ரத்தினம்மாள். "நான் வாயால சொன்னா உங்களுக்குக் காதுல ஏறாது. ரெக்கார்டுன்னா ஒரு வரி விடாமப் படிப்பீங்களே!"