பள்ளி வாசலில் பதினோரு நாள்

பதினோராவது படத்தையும் குடும்ப நீதிமன்ற நீதிபதியின் மேஜைமேல் வைத்துவிட்டுக் கணவரின் வக்கீல் நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

எல்லாப் படத்திலும் ஒரே காட்சிதான். பூட்டிய பள்ளிக்கூட வாசலில், புத்தகப் பையோடு தன்னந்தனியாக ஏழு வயதுப் பெண் குழந்தை. கீழே தேதியும் நேரமும் இருந்தன. நாலே கால், நாலரை, ஒரு நாள் ஐந்து பத்து.

“மூணரைக்குப் பள்ளிக்கூடம் விடுது சார். அம்மா வந்து கூட்டிட்டுப் போற லட்சணம் இது. ஒரே மாசத்துல பதினோரு நாள். என் கட்சிக்காரர் சொந்தத் தொழில் பண்றவர், நினைச்ச நேரத்துக்குக் கிளம்பி வரலாம். குழந்தை அவர்கிட்ட வளர்றதுதான் நல்லது” என்றார் வக்கீல்.

கணவர் தலையைக் குனிந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாக்காரியை வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தனையும் உண்மை.

“என்னம்மா சொல்றீங்க?” என்றார் நீதிபதி.

“ஆஸ்பத்திரியில ரத்தப் பரிசோதனை செய்யற வேலை சார். அடுத்த ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்காம எழுந்திருக்க முடியாது. அந்த மாசம் பூரா அடுத்து வர்ற நர்ஸுப் பொண்ணு இல்ல, லேப் பொண்ணு லேட்டா…”

சொல்லும்போதே கூசியது. யார் யாருடைய ரத்தத்துக்கோ காவல் இருந்துவிட்டு, பெற்ற பிள்ளையைத் தெருவில் நிறுத்தியவள் என்ன சாக்கு சொல்லி என்ன?

மழை நாள் படத்தை நீதிபதி கையில் எடுத்தார். முழுக்க நனைந்த குழந்தை, ஓரத்தில் கார் வைப்பர் பாதி தெரிந்தது. “இதெல்லாம் யார் எடுத்தது?”

“குழந்தைமேல அக்கறை உள்ள ஒருத்தர் சார். பேர் வெளியில வரவேண்டாம்னு சொல்லிட்டார்.”

யாரோ மூன்றாம் மனிதருக்கு இருந்த அக்கறைகூடத் தனக்கு இல்லாமல் போயிற்றே என்று அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நீதிபதி எழுந்து தன் அறைக்குப் போய்க் குழந்தையை வரச் சொன்னார். பெற்றவர்கள் இருவரும் கதவோரம் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. படங்களைக் குழந்தை முன்னால் பரப்பிவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“இப்படித் தனியா நின்னப்ப பயமா இல்லையா பாப்பா?”

“நான் தனியா நிக்கலையே.”

அம்மாக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். பொய் சொல்லாதே, பொய் சொல்லாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. இந்த வயதில் தாய்க்காகப் பொய் சொல்கிற நிலைமைக்கு அதைக் கொண்டுவந்து விட்டாளே, பாவி. இதைவிடப் பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகலாம்.

“சார், அவ எனக்காகச் சொல்றா” என்றாள். உத்தரவெல்லாம் மறந்துபோயிற்று. “தனியாத்தான் நின்னா. தப்பு என்னோடதுதான். குழந்தை அவர்கிட்டயே…”

நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு குழந்தையின் பக்கம் குனிந்தார்.

“பதினோரு படம் இருக்கு பாப்பா. ஒண்ணுலகூட உன்கூட யாரும் இல்லையே?”

குழந்தை அம்மாவை ஒரு தரம் பார்த்தது, அப்பாவை ஒரு தரம் பார்த்தது. இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி நீதிபதியிடம் திரும்பியது.

“படம் எடுக்கிற அப்பா படத்துல எப்படித் தெரிவாரு?”