ஒன்பது மீட்டர் ஆழம்

துறைமுக வாசலுக்கு வெளியே, கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடியை அடைத்துக்கொண்டு நிற்கிறது அந்தச் சாம்பல்நிறக் கப்பல். அதன் நிழலில் பந்தலே போடாமல் பத்துக் கல்யாணம் நடத்தலாம். துறைமுகம் கட்டப் பணம் போட்ட நாட்டிலிருந்து, தண்ணீர் பிடிக்க மட்டும் வந்திருக்கிறதாம். தார்ப்பாய்க்கு அடியில் பீரங்கிகள், போர்வைக்குள் குறட்டை விடும் மாமனார்களைப் போலத் துருத்திக்கொண்டு தெரிகின்றன. இது ஒருமுறை கயிறு கட்டிவிட்டால் மறுநாளே வேலி வரும், தன் தம்பியின் மீன்படகு கடலுக்குப் போகும் வழி மூடிவிடும் என்று, கப்பலை உள்ளே அழைத்துவர வேண்டிய பைலட்டுக்குக் கவலை. “என்ன யோசனை? துறைமுகத்துல எங்க பணம், கப்பலும் எங்களுது,” என்கிறார் முதலீட்டுக் கம்பெனியின் மேலாளர். “கூட்டிட்டு வந்துடறேன் சார். ஆழம் பன்னிரண்டு மீட்டர்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க,” என்று பைலட் காகிதத்தை நீட்டுகிறார். மேலாளரின் பேனா காகிதத்துக்கு ஒரு விரல் மேலே நின்றுவிடுகிறது. வயர்லெஸ் பார்க்கும் பெண் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், “காலையிலதான் அளந்தோம்ணே. ஒம்பதுதான் இருக்கு. அந்தக் கப்பலுக்குப் பத்து மீட்டராவது வேணும்,” என்கிறாள். “சேறு அள்றது யார் பொறுப்பும்மா?” என்று கேட்கிறார் பைலட். “சார் கம்பெனிதாண்ணே. மூணு வருஷமா அள்ளிட்டதா, பன்னிரண்டு மீட்டர்னுதான் எழுதிக் குடுக்கறாங்க.” மேலாளரின் நெற்றி வியர்வையில் பரிசலே விடலாம். அவரே மைக்கைப் பிடுங்கித் தன் மொழியில் நாலு வார்த்தை முணுமுணுக்கிறார். சாம்பல் மலை ஒரு பெருமூச்சு விட்டு, மெல்ல முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அறைக்குள் வெயில் கொட்டுகிறது. பைலட் நாற்காலியில் சாய்கிறார். “அடுத்த மாசமே சேத்தை அள்ளிடுவோம்,” என்கிறார் மேலாளர். “அவசரமே இல்ல சார்,” என்கிறார் பைலட், “நிதானமாப் பண்ணுங்க.”