ஒன்பது கட்டில்

கொடுக்க நினைக்கிறவரையும் தேவைப்படுகிற இடத்தையும் சேர்த்துவைப்பதுதான் சிவகாசியில் ஸ்ரீமதி நடத்திய அறக்கட்டளையின் வேலை. தர்ம ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டுக்குக் கட்டில் தருவதாகப் பட்டாசுக் கம்பெனி முதலாளி குணபாலன் தானாகவே வந்து சொன்னார்.

“எத்தனை அண்ணாச்சி?”

“ஒன்பது.”

“பத்தாக் குடுங்களேன்.”

“ஒன்பது போதும்மா. தீபாவளி சீசன் தொடங்குறதுக்குள்ள போட்டுருங்க.”

சீசன் தொடங்கிய வாரமே திறப்பு விழா. வார்டைக் கழுவிவிட அவருடைய கம்பெனியிலிருந்து பொன்மணியை அனுப்பியிருந்தார்கள்.

“நீ வெடிமருந்து ரூம்லயா வேலை பாக்க?” ஸ்ரீமதி பேச்சுக் கொடுத்தாள். “நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டமாச்சே. அப்படித்தான் நடக்குதா?”

பொன்மணி புது மெத்தையைத் தடவிப் பார்த்தாள்.

“ஆர்டர் அம்புட்டு வந்திருக்குக்கா. ஒரே ரூம்ல ஒன்பது பேரை உக்கார வச்சிருக்காக.”