வில்லின் நுனி ஆறும்வரை

அடுப்பை அணைத்தும் இடியப்பப் பானையில் ஆவி அடங்கவில்லை. அந்த ஆவியில் வெந்த எல்ம் மரத்து வில்லின் நுனியை வெளிப்பக்கமாக வளைத்து, மர அச்சோடு சேர்த்து இரு கைகளாலும் அழுத்தியபடி சமையலறைக் கதிரையில் இருக்கிறார் கிருஷ்ணராசா. இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்ப் சற்றுமுன்தான் வழுக்கிவிட்டது. மிச்சம் என்ற அந்த ஆங்கிலேயப் புறநகரின் மழை வெளிச்சம் ஜன்னலில் சாம்பலாகிறது. ஷிப்ட் முடிந்து வந்த மனைவி தவநாயகி, கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் விழுந்தமாதிரி அமர்கிறாள். “இன்னும் முடியேல்லையே? பானையைத் தாங்கோ, இடியப்பம் அவிக்கவேணும்.” “இப்ப கையை எடுக்க ஏலாது. ஆறமுன்னம் விட்டா நிமிந்திடும். போன வில்லும் அப்பிடித்தான் பழுதாப்போனது.” அவள் தலை அவர் தோளில் சாய்ந்து, தூக்கத்தில் மூச்சு நீள்கிறது. தொலைவில் டிராம் ஒன்று உராய்ந்துகொண்டு போகிறது. அவர் விரல்கள் விறைத்துப்போகின்றன. மரம் எப்போதோ ஆறிவிட்டது. அவர் கையை எடுக்கவில்லை.